ஜோகன்னஸ்பர்க்: சுவரோவியமா, சுவரெழுத்தா?

ஜோகன்னஸ்பர்க்கில் என் கையில் இருந்தவை இரண்டு காலைப்பொழுதுகள். அவற்றை ஓவியம் தீட்டிய சுவர்களுக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்தச் சுவர்களுக்கு என்பதில்தான் குழப்பம். விசாரித்தவர்களில் பாதிப் பேர் மபோனெங் பகுதி என்றார்கள், மீதிப் பேர் நியூடவுன் பகுதி என்றார்கள். சனிக்கிழமை நியூடவுனுக்கும் ஞாயிற்றுக்கிழமை மபோனெங்குக்கும் போனேன். மறுபடியும் வாய்த்தால் இரண்டு காலைகளையும் நியூடவுனுக்கே கொடுப்பேன்.

மற்ற இரண்டு இடங்களைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோவெட்டோவில் உள்ள ஆர்லாண்டோ கோபுரங்கள், 1998இல் மூடப்பட்ட அனல்மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்கள். அவற்றில் ஒன்றில் சோவெட்டோ வாழ்க்கையின் காட்சிகளைத் தீட்டியிருக்கிறார்கள். பிரம்மாண்டம்தான், ஆனால் சாலையிலிருந்து ஒரு முறை பார்த்தால் பார்த்ததுதான். பிராம்ஃபோன்டைனில் அமெரிக்க ஓவியர் ஷெப்பர்ட் ஃபேரி 2014இல் வரைந்த மண்டேலாவும் அப்படித்தான். 1989இல் கேப் டவுனில் நிறவெறி எதிர்ப்பு ஊர்வலத்தின் மீது காவல்துறை ஊதாச் சாயம் கலந்த தண்ணீரைப் பீய்ச்சியடித்ததே, அதன் 25ஆம் ஆண்டு நினைவு. வரலாறு பெரியது, பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

மபோனெங் என்றால் சோத்தோ மொழியில் ஒளியுள்ள இடம். நகர மையத்தின் கிழக்கே பாழடைந்து கிடந்த கிடங்குகளை 2009லிருந்து ஒவ்வொன்றாக ஓவியக்கூடங்களாகவும் காப்பிக் கடைகளாகவும் மாற்றினார்கள். தென்னாப்பிரிக்க ஓவியர் வில்லியம் கென்ட்ரிட்ஜின் பணிக்கூடம் இங்கேதான் இருக்கிறது. ஃபாக்ஸ் தெருவில் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தோடு கூட்டமாக, தொலைபேசியைக் கையில் பிடித்தபடி தைரியமாக நடக்க முடிந்தது. மற்ற நாட்களில் எப்படி என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நான் போனது ஒரே ஒரு ஞாயிறு.

மபோனெங்கின் பெருமை ஃப்ரெடி சாம் வரைந்த குத்துச்சண்டை மண்டேலா. ஒரு கட்டடத்தின் பக்கவாட்டுச் சுவர் முழுவதும் அவர்தான். 1950களில் 'டிரம்' பத்திரிகையின் புகைப்படக்காரர் பாப் கோசானி ஒரு மொட்டைமாடியில் எடுத்த படமே இதற்கு மூலம். கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து பார்த்தேன். அருமையான வேலை, குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் அது தொலைவிலிருந்து பார்க்க வேண்டிய ஓவியம். பக்கத்தில் போனால் செங்கலும் வண்ணமும்தான் தெரிகின்றன, மண்டேலா காணாமல் போய்விடுகிறார்.

நியூடவுனில் இதற்கு நேர்மாறு. எம்1 நெடுஞ்சாலை அங்கே தலைக்கு மேலே தூண்களின் மீது போகிறது. அந்தக் கான்கிரீட் தூண்கள்தான் ஓவியக்கூடம். தூணின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒருவருடைய கைவண்ணம், பெரும்பாலும் ஏணி எட்டும் உயரம் வரைதான். மேலே லாரிகள் ஓடும் அதிர்வு கீழே நிற்பவரின் காலுக்கு வருகிறது. தூண்களை ஒட்டிப் போகும் தெருவுக்கு ஹென்றி நுமாலோவின் பெயர். அவரும் 'டிரம்' பத்திரிகையாளர். 1954இல் வேண்டுமென்றே கைதாகிச் சிறைக்குள் போய், அங்கே கறுப்பினக் கைதிகள் பட்ட அவமானத்தை எழுதியவர். அந்தக் கட்டுரைக்கான படத்தைச் சிறைக்கு வெளியே ஓர் உயரத்தில் ஏறி நின்று எடுத்தவர் அதே கோசானி. ஊரின் இரு முனைகளில் இருக்கும் இந்தச் சுவர்களை இந்த இரண்டு நண்பர்களும் இணைக்கிறார்கள் என்பதை அங்கே நின்றபோதுதான் உணர்ந்தேன்.

இனி, என் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். மபோனெங்கில் இருப்பவை சுவரோவியங்கள். கட்டட உரிமையாளர் சம்மதித்து, சாரம் கட்டியோ இயந்திரத் தூக்கியில் நின்றோ வரையப்பட்டவை. உரிமையாளர் விரும்பும் வரை இருக்கும். அந்தப் பகுதியை உருவாக்கிய நிறுவனத்தின் கட்டடங்கள் 2019இல் ஏலத்துக்கு வந்தன. கட்டடம் கைமாறினால் சுவரின் கதி என்ன என்று யார் சொல்ல முடியும்? மாறாமல் நின்றாலும் வெயில் விடாது; ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊரின் வெயில் அது. நியூடவுன் தூண்களில் இருப்பது சுவரெழுத்து. வரைபவர்கள் தங்களை 'எழுதுபவர்கள்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். பாலத்தின் நிழலில் வெயிலும் மழையும் அதிகம் படாததால் நிறம் மங்குவதில்லை. அதன் ஆயுளை முடிப்பது இன்னொரு எழுத்து மட்டுமே.

எனக்கு வழிகாட்டியாக வந்தவரும் தூண்களில் எழுதுபவர். ஒரு தூணின் விளிம்பில் வண்ணம் உரிந்து தொங்கிய இடத்துக்கு அழைத்துப் போனார். கட்டைவிரல் நகமளவு சில்லு ஒன்று. அதைப் பக்கவாட்டில் திருப்பிக் காட்டினார்: வெள்ளி, கறுப்பு, பச்சை, வெள்ளை, மறுபடி கறுப்பு, ஆரஞ்சு. நான் எண்ணியவை ஒன்பது அடுக்குகள், அட்டை போல் தடித்திருந்தது. "இந்தப் பச்சை என்னுடையது" என்றார். எவ்வளவு நாள் இருந்தது என்று கேட்டேன். மூன்று வாரம் என்றார், குரலில் வருத்தமே இல்லை. வெறும் கையெழுத்தின் மேல் பெரிய எழுத்து வரலாம், பெரிய எழுத்தின் மேல் முழு ஓவியம் வரலாம், தலைகீழாக வரக் கூடாது. நன்றாக இருப்பதை அழிப்பவர் அதைவிட நன்றாக எழுதிக் காட்ட வேண்டும். தவறினால் அது அவமதிப்பு, பதில் அதே தூணில் வரும். இதையெல்லாம் அவர் சொல்லாமல் நான் தனியாகப் போயிருந்தால், கிறுக்கல் என்று நினைத்துப் பத்து நிமிடத்தில் திரும்பியிருப்பேன்.

ஆகவே நியூடவுனுக்கு வழிகாட்டி கட்டாயம். பாதுகாப்புக்கும்தான்: சில தூண்களைச் சுற்றி ஆள் நடமாட்டமே இல்லை. இருட்டிய பிறகு போகலாமா என்று கேட்காதீர்கள், நான் போகவில்லை. இணையத்தில் பார்த்த படத்தைத் தேடிக்கொண்டும் போகாதீர்கள், அது அடியில் போயிருக்கும். கோடையில் மாலை இடிமழை வரும், காலையே நல்லது. பக்கத்திலேயே மார்க்கெட் தியேட்டர் இருக்கிறது, ஒரு காலத்தில் இந்தியர்களின் பழச்சந்தையாக இருந்த கட்டடம். தமிழர்கள் இன்னும் சற்று தூரம் போய் பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். இந்த ஊரிலேயே பிறந்து, சத்தியாகிரகத்தில் சிறை சென்று, 1914இல் பதினாறு வயதில் இறந்த தில்லையாடி வள்ளியம்மை அங்கே உறங்குகிறார்.

திங்கட்கிழமை விமான நிலையத்துக்குப் போகும்போது, ஹென்றி நுமாலோ தெரு வழியாகப் போகும்படி ஓட்டுநரிடம் கேட்டுக்கொண்டேன். சனிக்கிழமை நான் வெகுநேரம் நின்று பார்த்த நீல மீன் இருந்த பக்கம் முழுவதும் வெள்ளை பூசப்பட்டிருந்தது. தரையில் ஓர் உருளைத் தூரிகையும் பாதி காலியான வாளியும். எழுதுபவர் எங்கோ டீ குடிக்கப் போயிருக்க வேண்டும். வெள்ளை இன்னும் காயவில்லை. மீனின் வால் மட்டும் அதற்குள்ளிருந்து நீலமாகத் தெரிந்துகொண்டிருந்தது.