இரண்டு நாள் ஹிப்னோதெரபி அறிமுகப் பயிற்சி: ஒரு மதிப்பீடு

எனக்குப் பல ஆண்டுகளாக எரிச்சல் குடல் நோய் உண்டு. உயிருக்கு ஆபத்தில்லை என்றாலும், எங்கே போவதானாலும் அங்கே கழிப்பறை இருக்கிறதா என்று முதலில் யோசிக்க வைக்கும் நோய் அது. மருந்துகளும் உணவுக் கட்டுப்பாடும் ஓரளவுக்கு மேல் பலன் தராத நிலையில், என்னைப் பார்த்துவரும் மருத்துவர், ஹிப்னாடிசத்தைக்கொண்டு செய்யும் சிகிச்சையான ஹிப்னோதெரபியை முயன்று பார்க்கலாம் என்றார். மேடையில் ஒருவரைக் கண் சொருக வைத்துச் சொன்னபடியெல்லாம் ஆட்டி வைக்கிற காட்சிதான் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. ஆகவே, ஒரு சிகிச்சையாளரிடம் போய்க் கண்ணை மூடிக்கொள்வதற்கு முன் இது என்னவென்று விளங்கிக்கொள்ள விரும்பி, ஹிப்னோதெரபியையும் மனத்தின் இயக்கத்தையும் அறிமுகப்படுத்தும் இரண்டு நாள் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். நடத்தியவர்களின் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. இத்தகைய பயிற்சியில் எதை நம்பி எடுத்துக்கொள்ளலாம், எதைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதைச் சொல்வதே என் நோக்கம்.

பதினான்கு பேர் இருந்தோம். முதல் நாள் முழுவதும் பாடம் எடுத்தவர் மருத்துவ உளவியல் படித்து, நோயாளிகளோடு நெடுங்காலம் பணியாற்றியவர். திரையில் எதையும் காட்டாமல், ஆளுக்கொரு நூலையும் ஓர் இரும்பு வாஷரையும் கொடுத்து ஊசலாகக் கட்டச் சொன்னார். மேசைமேல் ஒரு தாள். அதில் ஒரு வட்டம், நடுவே குறுக்கும் நெடுக்குமாக இரு கோடுகள். முழங்கையை மேசையில் ஊன்றி, நூலின் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே பிடித்துக்கொள்ள வேண்டும். “கையை அசைக்க வேண்டாம். வாஷர் இந்த நெட்டுக்கோட்டின் மேல் போய்வருவதாக மனத்தில் மட்டும் காணுங்கள்” என்றார். அரை நிமிடத்துக்குள் என் வாஷர் நடுங்கத் தொடங்கியது. பிறகு கோட்டின் வழியே மெல்லப் போய் வந்தது. “இப்போது குறுக்குக்கோடு” என்றதும் சற்றுத் தடுமாறி, சாய்ந்து, திசை மாறியது. என் விரல்களையே உற்றுப் பார்த்தேன். நகத்தோரத்தில்கூட அசைவு தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவர் நான் ஆட்டுவதாகவே சொன்னார். அவருடைய ஊசலும் அப்போது ஆடிக்கொண்டுதான் இருந்தது.

அடுத்து எல்லோரையும் கண்களை மூடச் சொன்னார். சிறிது நேரத்தில் திறந்து பார்த்தபோது பெரும்பாலான ஊசல்கள் அடங்கியிருந்தன. பிரெஞ்சு வேதியியலாளர் மிஷேல் ஷெவ்ரல் 1833-இல் இதைத்தான் எழுதி வெளியிட்டார் என்று அதன்பிறகே சொன்னார். ஊசலைக் கொண்டு குறி பார்ப்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஓர் அசைவை எதிர்பார்க்கும் எண்ணமே தசைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணசைவை எழுப்பிவிடுகிறது, கண் அந்த அசைவைப் பார்ப்பதால் அது மேலும் வலுக்கிறது. இவ்வாறு எண்ணமே இயக்கமாக மாறுவதற்கு வில்லியம் கார்ப்பென்டர் 1852-இல் ‘ஐடியோமோட்டர்’ என்று பெயரிட்டார். என் கைதான் ஆட்டுகிறது, ஆனால் ஆட்டுவது நான் என்ற உணர்வு எனக்கு இல்லை. மனத்தின் இயக்கத்தைப் பற்றி இந்தப் பயிற்சியில் நான் பெற்ற மிகப் பெரிய பாடம் அந்த வாஷரிலிருந்து வந்தது. இந்த ஒரு மணி நேரத்துக்காகவே அதில் சேர்ந்தது தகும் என்பேன்.

வரலாற்றுப் பகுதியும் இதே சரட்டில் கோக்கப்பட்டிருந்தது. உடலில் ஓடும் காந்தப் பாய்மம் ஒன்றைத் தாம் சீர்செய்வதாகச் சொல்லிப் பாரிஸையே கவர்ந்த மருத்துவர் ஃபிரான்ஸ் மெஸ்மரின் முறையை ஆராய, 1784-இல் பிரெஞ்சு மன்னர் ஒரு குழுவை அமைத்தார். அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் ஃபிராங்ளினும் வேதியியலாளர் லவாய்சியரும் அதில் இருந்தார்கள். ஃபிராங்ளின் வீட்டுத் தோட்டத்தில் ஒரு மரத்துக்கு மட்டும் ‘காந்தம் ஏற்றி’, கண்ணைக் கட்டிய ஒரு சிறுவனை மரம் மரமாக அழைத்துச் சென்றார்கள். அவன் நான்காவது மரத்தடியில் மயங்கி விழுந்தான். காந்தம் ஏற்றப்பட்ட மரம் அதுவல்ல. பாய்மம் என்று எதுவும் இல்லை, விளைவுகள் கற்பனையால் வருபவை என்று குழு முடிவு செய்தது. அந்த முடிவு சரியே. ஆனால் வெறும் கற்பனை ஒரு சிறுவனை மண்ணில் சாய்க்கும் அளவுக்கு வலிமை உடையது என்றால், ஆராய வேண்டியது அந்தக் கற்பனையை அல்லவா என்று பயிற்சியாளர் கேட்டார். அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தவர்களில் முக்கியமானவர் மான்செஸ்டரில் பணியாற்றிய ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்ட். காந்தத்தை விட்டுவிட்டுக் கவனத்தைப் பிடித்துக்கொண்ட அவர்தான், 1840-களில் ஹிப்னாடிசம் என்ற சொல்லைப் பரவச் செய்தவர். உறக்கத்துக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த அந்தப் பெயர் பொருத்தமற்றது என்று பின்னாளில் அவருக்கே தோன்றியது. மாற்ற முயன்றும் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. தமிழில் நாம் சொல்லும் ‘அறிதுயில்’ என்பதும் அதே துயிலைச் சுமந்தே நிற்கிறது.

உறக்கம் இல்லை என்பதை அன்று பிற்பகலில் நானே அறிந்தேன். நாற்காலியில் சாய்ந்து, மூச்சைக் கவனித்து, இமை தானாகச் சரியும்வரை ஒரு புள்ளியைப் பார்த்த பிறகு, வலது கை ஈர மணலில் புதைந்து கனத்துக்கொண்டே போகிறது என்று அவர் மெதுவாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தமும் மின்விசிறியின் கடகடப்பும் எனக்குத் தெளிவாகக் கேட்டன. எழுந்து போக நினைத்திருந்தால் போயிருப்பேன். கையைத் தூக்கிப் பாருங்கள் என்றபோது மட்டும், தூக்குவதற்கான விருப்பம் கையை எட்டுவதற்குள் எங்கேயோ கரைந்துவிட்டதைப் போல இருந்தது. கையில் வலுவில்லாமல் போகவில்லை, யாரும் என்னைக் கட்டுப்படுத்தவும் இல்லை. ஒரே எண்ணத்தில் கவனம் குவிந்து, மற்றவை ஓரத்துக்கு ஒதுங்கிய நிலை அது. பாட்டிலோ படிப்பிலோ ஆழ்ந்து, கூப்பிட்ட குரல் காதில் விழாமல் இருந்தவர்களுக்கு இது புதிதாக இராது.

எல்லோருக்கும் இது ஒரே அளவில் நிகழ்வதில்லை என்பதை அவர் மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்தது. எங்களில் மூன்று பேருக்கு எதுவுமே நிகழவில்லை. அதில் ஒருவர் தம்மையே குறைவாக எண்ணிக்கொண்டார். கருத்தேற்றத்துக்கு, அதாவது இப்படிச் சொல்லால் மனத்தில் ஏற்றப்படும் எண்ணத்துக்கு, இசையும் திறனை அளக்க 1959-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வைட்சன்ஹாஃபரும் ஹில்கார்டும் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள் என்றும், அதில் மிக உயர்ந்த நிலையில் சிலரும் மிகத் தாழ்ந்த நிலையில் சிலரும் நடுவில் பலரும் வருவார்கள் என்றும், இதற்கும் அறிவுக்கூர்மைக்கோ மனஉறுதிக்கோ தொடர்பில்லை என்றும் அவருக்கு விளக்கினார். மாணவப் பருவத்தில் அளக்கப்பட்ட 50 பேரை 25 ஆண்டுகள் கழித்து மீண்டும் அளந்தபோதும் அவர்களின் நிலை பெரிதும் மாறியிருக்கவில்லை என்று 1989-இல் வெளியான ஆய்வு காட்டியது. ‘எங்களிடம் வந்தால் நூற்றுக்கு நூறு பலன்’ என்று விளம்பரம் செய்பவரிடமிருந்து விலகி நிற்க இந்த ஓர் உண்மை போதும்.

நான் எதற்காகப் போனேனோ அந்தப் பகுதி இரண்டாம் நாள் காலையில் வந்தது, அதுவும் நிறைவாகவே இருந்தது. சூடான நீரில் கையை வைத்திருந்தவர்களிடம், வலியின் துன்பம் கூடுகிறது அல்லது குறைகிறது என்று கருத்தேற்றம் செய்து, அவர்களின் மூளையைப் படம்பிடித்த 1997-ஆம் ஆண்டு ஆய்வை எடுத்துக்கொண்டார்கள். வலி எங்கே, எவ்வளவு என்று உணரும் பகுதி பெரிதாக மாறவில்லை. அது எவ்வளவு தொல்லை தருகிறது என்பதோடு தொடர்புடைய முன்புற சிங்குலேட் பகுதியின் செயல்பாடு மட்டும் சொல்லுக்கேற்ப மாறியது. வலியும் வலியால் வரும் வேதனையும் ஒன்றல்ல என்று மருத்துவர்கள் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். மூளையில் அவை பிரிந்து நிற்பதை அன்றுதான் விளங்கிக்கொண்டேன். குடலைப் பொறுத்தவரை, மான்செஸ்டரைச் சேர்ந்த பீட்டர் வோர்வெல் குழு, கடுமையான எரிச்சல் குடல் நோய் கொண்ட 30 பேரிடம் நடத்திய ஆய்வு 1984-இல் வெளியானது. ஹிப்னோதெரபி பெற்றவர்கள், உளச்சிகிச்சையோடு மருந்தில்லாத வெற்று மாத்திரை பெற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறியிருந்தார்கள். ஓராண்டு மருந்துக்கும் கட்டுப்படாத நோயாளிகளுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று சிகிச்சை நெறிகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் சொல்கிறது. வயிற்றின்மேல் கையை வைத்து, உள்ளங்கையின் சூடு உள்ளே பரவுவதாகவும், குடல் நிதானமாக ஓடும் ஆறாக அமைவதாகவும் காணும் பயிற்சியை எங்களுக்குச் செய்து காட்டினார்கள். காரணம் கண்டறியப்படாத வலியை இதைக்கொண்டு அமுக்கிவிடக் கூடாது, முதலில் மருத்துவரின் நோயறிதல் வேண்டும் என்று அப்போதே எச்சரித்ததையும் குறிப்பிட வேண்டும்.

இரண்டாம் நாள் பிற்பகலில் வேறொருவர் வந்தார். இந்தப் பயிற்சியில் எனக்குள்ள முழு மனக்குறையும் அந்த மூன்று மணி நேரத்தின் மேல்தான். மனம் ஒரு பனிப்பாறை, நீருக்கு மேலே தெரிவது வெளிமனம், கீழே இருப்பது ஆழ்மனம் என்று தொடங்கினார். உவமையாக அதை ஏற்றுக்கொள்ளலாம். மூளையில் நாம் 10 சதவீதத்தை மட்டுமே பயன்படுத்துகிறோம் என்று அடுத்துச் சொன்னது உண்மையே அல்ல. மூளையின் எல்லாப் பகுதிகளுக்கும் வேலை உண்டு, சும்மா கிடக்கும் தொண்ணூறு சதவீதம் என்று ஒன்று இல்லை. அதைவிடக் கவலை தந்தது மூன்றாவதாகச் சொன்னது: பிறந்தது முதல் நடந்த அனைத்தையும் ஆழ்மனம் ஒலிநாடாவைப் போலப் பதிந்து வைத்திருக்கிறது, டிரான்ஸ் எனும் அறிதுயில் நிலையில் அதைப் பின்னோக்கிச் சுழற்றி எடுத்துவிடலாம் என்றார். சொன்னதோடு நில்லாமல், முன்வந்த ஒரு பெண்ணைக் குழந்தைப் பருவத்துக்கு அழைத்துச் சென்று, “கதவுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள்?” என்று கேட்டார். கதவு என்ற ஒன்றை அதுவரை அந்தப் பெண் சொல்லியிருக்கவே இல்லை. சற்று நேரம் கழித்து ஓர் உறவுமுறையைச் சொல்லி அழத் தொடங்கினார்.

நினைவு என்பது ஒலிநாடா அல்ல. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனம் கையிலிருக்கும் துண்டுகளைக்கொண்டு அதைப் புதிதாகக் கட்டுகிறது. இடைவெளிகளைத் தான் அறிந்ததைக்கொண்டும் பிறர் சொன்னதைக்கொண்டும் நிரப்பிவிடுகிறது. ஹிப்னாடிச நிலையில் மீட்கப்படும் நினைவுகள் கூடுதல் நம்பகமானவை அல்ல என்று அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழு 1985-லேயே அறிவித்துவிட்டது. துல்லியம் கூடாமல் உறுதி மட்டும் கூடிவிடுவதுதான் இதிலுள்ள ஆபத்து. அமெரிக்காவின் பல மாநில நீதிமன்றங்கள் இத்தகைய சாட்சியத்துக்குக் கட்டுப்பாடு விதித்திருப்பதும் இதனால்தான். ‘வாஷர் கோட்டின் மேல் போகிறது’ என்ற ஒரு சொல்லுக்கு என் விரல் எப்படி இசைந்ததோ, அப்படித்தான் ‘கதவுக்குப் பின்னால் யார்’ என்ற கேள்விக்கு அந்தப் பெண்ணின் மனமும் இசைந்திருக்கும். முதல் நாள் கற்பித்ததை இரண்டாம் நாள் மறந்துவிட்டுச் செய்த காரியம் இது. ஒரு குடும்பத்துக்குள் ஆறாத பகையை விதைக்கப் போதுமானது. இடைவேளையில் முதல் நாள் பயிற்சியாளரே அந்தப் பெண்ணிடம் நெடுநேரம் உட்கார்ந்து பேசியதைப் பார்த்தேன். கருத்துப் படிவத்தில் இந்தப் பகுதியை அடியோடு நீக்க வேண்டும் என்று காரணங்களோடு எழுதிக் கொடுத்தேன். நடத்துபவர்கள் யாரேனும் இதைப் படித்தால், அதே வேண்டுகோளை இங்கும் வைக்கிறேன்.

மற்றவை சுருக்கமாக: கையேடு தெளிவாக அச்சிடப்பட்டிருந்தது. வீட்டில் கேட்பதற்கு இருபது நிமிட ஒலிப்பதிவு ஒன்றைக் கொடுத்தார்கள்; அதை வாகனம் ஓட்டும்போது கேட்கக் கூடாது என்று முதலிலேயே எழுதியிருந்தது நல்லது. புகைப்பழக்கத்தை ஒரே அமர்வில் விட்டுவிடலாம் என்று கையேட்டில் இருந்த ஒரு வரியைத் திருத்த வேண்டும். புகையை விடுவதற்கு இது மற்ற முறைகளைவிடச் சிறந்தது என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே, பல மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் மறுஆய்வு கண்ட முடிவு. மனச்சிதைவு போன்ற நோய் உள்ளவர்கள் தம் மனநல மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது என்ற எச்சரிக்கை கையேட்டின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தது. அது முதல் பக்கத்தில் இருக்க வேண்டியது.

சான்றிதழ் வழங்கும்போது ஒருவர் எழுந்து, “இதை வைத்து நாங்கள் பிறருக்குச் சிகிச்சை தரலாமா, மேடம்?” என்று கேட்டார். “கூடாது. ஹிப்னாடிசம் தெரியாமல் எந்த நோய்க்கு நீங்கள் சிகிச்சை தர முடியாதோ, அதற்கு ஹிப்னாடிசம் தெரிந்தும் தர முடியாது. முதலில் மருத்துவமோ உளவியலோ படியுங்கள்” என்றார் முதல் நாள் பயிற்சியாளர். சிகிச்சைக்கு ஆள் தேடும்போது நான் கேட்கப்போகும் முதல் கேள்வியும் அந்தப் பதிலிலிருந்தே கிடைத்தது: ஹிப்னோதெரபியை நீக்கிவிட்டுப் பார்த்தால் உங்கள் தகுதி என்ன? கடந்த வாரம் இருவரிடம் கேட்டேன். ஒருவர் தாம் குடல்நோய்ப் பிரிவில் பணியாற்றிய உளவியலாளர் என்றார். அவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன்.