போட்டோ எடிட்டிங்குக்கு வீட்டு கம்ப்யூட்டர்: மலையில இருக்கறவங்க அசெம்பிள்டு எடுக்கறதா, மேக் மினியா, லேப்டாப்பா?

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சதுல இருந்து இங்க கோத்தகிரி, குன்னூர் பக்கம் கேமரா வெச்சிருக்கறவங்க ரெண்டு பேரு சந்திச்சா வர்ற பேச்சு இதுதான், அடுத்த மெஷின் என்ன வாங்கறது. என்னோட பழசு ஐ7 7700, நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, ஆனா ஏழாவது தலைமுறை ப்ராசசருங்கறதால விண்டோஸ் 11 சப்போர்ட் லிஸ்ட்ல இல்ல. அசெம்பிள்டு டெஸ்க்டாப் (பார்ட்ஸை தனித்தனியா வாங்கி மாட்டறது), மேக் மினி எம்4 (ஆப்பிளோட சின்ன டெஸ்க்டாப்), கிராஃபிக்ஸ் கார்டு இருக்கற லேப்டாப், இந்த மூணையும் மாத்தி மாத்தி யோசிச்சு கடைசியில அசெம்பிள்டு எடுத்தேன். அதனால நான் எந்தப் பக்கம் சாய்ஞ்சு பேசுவேன்னு இப்பவே தெரிஞ்சுக்கங்க. மினியை நண்பர் ஒருத்தர் வீட்டுல உக்காந்து என் ஃபைலையே போட்டு எடிட் பண்ணிப் பாத்திருக்கேன், ஆனா சொந்தமா வெச்சு வருஷக்கணக்குல ஓட்டினது கிடையாது.

எல்லாருக்கும் தெரிஞ்ச சமாச்சாரத்தை வேகமா சொல்லிடறேன். எடிட் பண்ற சாஃப்ட்வேர் லைட்ரூம் கிளாசிக், போட்டோஷாப் ரெண்டும் விண்டோஸ்லயும் ஓடும் மேக்லயும் ஓடும், அதை வெச்சு முடிவு பண்ண ஒண்ணும் இல்ல. ரேம் 16 ஜிபி இருந்தா வேலை நடக்கும், 32 இருந்தா நிம்மதியா நடக்கும். கேட்டலாக் (லைட்ரூம் நம்ம எடிட்டையெல்லாம் எழுதி வைக்கற ஃபைல்) எஸ்எஸ்டியில இருக்கணும், ஹார்டு டிஸ்க்ல வெச்சு ஓட்டற காலம் போயாச்சு.

லேப்டாப்பை நான் சீக்கிரமே கழிச்சுட்டேன். உள்ள பேட்டரி இருக்கறதால கரண்ட் போனா கவலை இல்ல, அது பெரிய பிளஸ்தான், ஒத்துக்கறேன். ஆனா கம்மி விலை மாடல்ல வர்ற ஸ்கிரீன் 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு (அது ஒரு கலர் அளவு) போட்டிருப்பான், அது எஸ்ஆர்ஜிபிங்கற சாதாரண கலர் அளவுல மூணுல ரெண்டு பங்கு கூட முழுசா காட்டாது. தேயிலைத் தோட்டத்து பச்சையில எது கொழுந்து எது முத்தின இலைன்னே அந்த ஸ்கிரீன்ல பிரிஞ்சு தெரியாது. நல்ல ஸ்கிரீன் இருக்கற மாடலுக்குப் போனா அந்தக் காசுக்கு டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்தே வந்துரும். ஊர் ஊரா போயி ஷூட் முடிஞ்ச ராத்திரியே போட்டோ குடுக்கணும்ங்கறவங்களுக்கு வேற வழியில்ல, அவங்க லேப்டாப்தான் எடுக்கணும்.

மானிட்டர் பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா எந்த டப்பா வாங்கினாலும் இந்தச் செலவு தனியா வரும். கோத்தகிரி பக்கம் பேரகணியில ஹெத்தையம்மன் பண்டிகைக்கு போட்டோ எடுத்திருந்தீங்கன்னா தெரியும், படுகர் ஜனங்க அத்தனை பேரும் வெள்ளை உடுத்தி நிக்கறாங்க, பின்னாடி பாதி நேரம் பனிமூட்டம், அதுவும் வெள்ளை. சாதா மானிட்டர்ல அந்தப் படத்தைப் பாத்தா துணியோட மடிப்பு, பனி, வானம் எல்லாம் ஒரே சுண்ணாம்பு அடிச்ச மாதிரி தெரியும், ஹைலைட்டை எவ்வளவு இறக்கணும்னே புரியாது. பனிமூட்டம் மேல இருந்து கீழ மெதுவா கருக்கற எடத்துல கோடு கோடா பட்டை விழும், அது ஃபைல்ல இருக்கா மானிட்டர்ல இருக்கான்னு குழப்பிக்கிட்டே ஒரு மணி நேரம் போயிரும். ஐபிஎஸ் பேனல், எஸ்ஆர்ஜிபி முழுசா காட்டறது, 27 இன்ச்னா 1440 ரெசல்யூஷன், அதுக்கு முதல்ல காசை ஒதுக்கிட்டு மிச்சத்துல கம்ப்யூட்டரைப் பாருங்க.

வேகத்துல ரெண்டும் போதும். எனக்கு வேகம் வேணும்னு தோணறது ஒரே எடத்துலதான், லைட்ரூம்ல 2023-ல வந்த ஏஐ டீநாய்ஸ், அதாவது படத்துல விழற புள்ளி புள்ளியான நாய்ஸை எடுக்கறது. சோலைக்காட்டுக்குள்ள பகல் 11 மணிக்கே வெளிச்சம் இருக்காது, ஐஎஸ்ஓ 6400 இல்லாம பறவை எடுக்கவே முடியாது, அதனால பாதி படம் டீநாய்ஸுக்குள்ள போயித்தான் வெளிய வரணும். அந்த வேலை முழுக்க கிராஃபிக்ஸ் கார்டு தலையிலதான் விழும். என்கிட்ட ஆர்டிஎக்ஸ் 3060, 12 ஜிபி மெமரி, அதுல ஒரு படம் செகண்டு கணக்குல முடிஞ்சுருது. நண்பரோட மினியிலயும் உக்காந்து காத்திருக்கற அளவுக்கு இல்ல, என்னோடதை விட கொஞ்சம் கூட எடுத்துச்சு, அவ்வளவுதான். தனி கார்டு இல்லாத பழைய மெஷின்ல ஒரு படத்துக்கு டீ போட்டு குடிச்சுட்டு வரலாம், அந்த மாதிரி எதையும் வாங்கிறாதீங்க.

கரண்ட் விஷயத்துல மினிதான் ஜெயிக்குது, இதுல மழுப்பறதுக்கு ஒண்ணும் இல்ல. ஆப்பிள் குடுத்திருக்கற கணக்குப்படி மினி எம்4 சும்மா இருக்கறப்ப 4 வாட், முழு வேலையில 65 வாட். என் கார்டு ஒண்ணே 170 வாட் வரைக்கும் இழுக்கும். மழைக்காலத்துல மரம் விழுந்து லைன் அறுந்தா காலையில போன கரண்ட் ராத்திரி வரைக்கும் வராத ஊரு நம்மது. 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி காகிதத்துல 1800 வாட் ஹவர், கையில கிடைக்கறது அதுக்கு கம்மிதான், அதுல மினியும் மானிட்டரும் மட்டும் ஓட்டினா நாள் பூரா ஓடும், என் டெஸ்க்டாப்ல எக்ஸ்போர்ட் போட்டுட்டா சாயங்காலத்துக்கு முன்னாடியே இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிச்சுரும். வீட்டு இன்வெர்ட்டர்ல யூபிஎஸ் மோட்னு ஒரு சுவிட்ச் பல மாடல்ல இருக்கும், அதைப் போட்டாத்தான் கரண்ட் மாறற அந்தக் கண்ணிமைக்கற நேரத்துல மெஷின் ரீஸ்டார்ட் ஆகாம இருக்கும். இன்வெர்ட்டரும் சைன் வேவா இருக்கணும். லைட்ரூம் கேட்டலாக் ஒரு டேட்டாபேஸ் ஃபைல், எழுதிட்டு இருக்கறப்ப கரண்ட் போயி அது கெட்டுப்போச்சுன்னா ஒரு கல்யாணத்தோட மொத்த எடிட்டும் போகும்.

இதெல்லாம் தெரிஞ்சும் நான் ஏன் அசெம்பிள்டு பக்கம் போனேன்னா, ரிப்பேர். எனக்கு முடிவு பண்ணிக் குடுத்தது இது ஒண்ணுதான்.

இங்க மெஷின் எப்படி கெடுதுன்னு பாருங்க. ஏப்ரல், மே மாசத்துல இடி. பாறை பூமியில எர்த்திங் சரியா இருக்கற வீடு கம்மி, கேபினட்டைத் தொட்டா கையில சுர்ருனு இருக்கற வீடு நிறைய. அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை, துவைச்ச துணி ஒரு வாரம் காயாது, லென்ஸ்ல பூஞ்சை பிடிக்கும், அதே ஈரம் கம்ப்யூட்டருக்குள்ளயும் இருக்கும். ரேம் ஸ்டிக்கோட தங்கக் கலர் பல்லுல ஒரு மங்கல் படிஞ்சு, ஒரு நாள் காலையில பவர் போட்டா ஃபேன் மட்டும் சுத்தும், டிஸ்ப்ளே வராது. அப்ப என்ன பண்ணணும்னா பவர் பிளக்கை கழட்டிட்டு, ரேமை உருவி, பென்சில் ரப்பரால அந்தப் பல்லை ஒரே பக்கமா மெதுவா தேய்க்கணும், ரப்பர் தூளை பிரஷ்ஷால தட்டிட்டு, ரெண்டு பக்கமும் கிளிப் டக்குனு விழற வரைக்கும் அழுத்தி மாட்டணும், பத்து நிமிஷ வேலை, காசு செலவில்ல. நான் மாட்டறப்ப ரெண்டு ஸ்டிக்கையும் எடம் மாத்திப் போட்டுப் பாப்பேன், ஸ்லாட்ல கோளாறுன்னா அப்பவே தெரிஞ்சுரும்.

போன கோடையில இடி இறங்கி எஸ்எம்பிஎஸ் (உள்ள இருக்கற பவர் சப்ளை) போச்சு. அடுத்த நாள் ஆல்பம் டிசைனருக்கு ஃபைல் போகணும். நம்ம ஊர்ல சிஸ்டம் சர்வீஸ் பண்ற அண்ணனுக்கு போன் போட்டேன், "தம்பி, கேபினட்டைத் தூக்கிட்டு வந்துருங்க, என்கிட்ட ஒரு 550 வாட் கிடக்குது, இப்பத்திக்கு அதைப் போட்டு வேலையை முடிங்க, புதுசு மேட்டுப்பாளையத்துல இருந்து பஸ்ல போட்டு விடச் சொல்றேன்"னாரு. ராத்திரியே எக்ஸ்போர்ட் போயிருச்சு. அசெம்பிள்டுல எந்த கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸும் பெரும்பாலும் எந்த போர்டுக்கும் சேரும், கார்டு போனா ஒரு பழைய கார்டை சொருகி டிஸ்ப்ளே எடுத்துக்கலாம், இதுதான் அசெம்பிள்டோட பலமே.

மினியில ரேம் சிப்போடவே சேர்ந்தது, கழட்ட முடியாது. பவர் சப்ளை உள்ள இருக்கு, அதுக்கு மட்டும்தான் பொருந்தும். ஏதாவது ஆச்சுன்னா கோவைக்குத்தான் எறங்கணும், குடுத்துட்டு வரணும், திரும்பப் போயி வாங்கணும். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல மழை கொட்டுச்சே, அந்த மாதிரி ஒரு வாரத்துல மலைப்பாதையில எங்க மண் சரியும்னு யாருக்குத் தெரியும், மெஷினைத் தூக்கிட்டு கீழ போறது நடக்கற காரியமா. நண்பரோட மினி ஒரு மழைக்காலத்தை பிரச்சனை இல்லாம தாண்டியிருக்கு, நல்ல மெஷின், சுலபத்துல கெடாமயே கூட இருக்கலாம், அஞ்சாறு மழை பாத்தவங்க யாரும் இன்னும் இல்ல, 2024 நவம்பர்லதானே அதுவே வந்துச்சு. ஆனா கெட்டுப்போற அன்னைக்கு என்ன ஆகும்ங்கறதுதான் என் கேள்வி.

இதுல இன்னும் முக்கியமான ஒண்ணு, உள்ள இருக்கற படம். மினியோட ஸ்டோரேஜ்ல இருக்கறது எல்லாம் என்கிரிப்ட் ஆகி (பூட்டு போட்ட மாதிரி), சாவி அந்த சிப்புக்குள்ளயே இருக்கு. போர்டு செத்துப்போச்சுன்னா ஸ்டோரேஜை மட்டும் எடுத்து வேற மெஷின்ல போட்டுப் படிக்க வழியே கிடையாது. டெஸ்க்டாப்ல எஸ்எஸ்டியை உருவி அடுத்த கம்ப்யூட்டர்ல மாட்டினா படம் அப்படியே இருக்கும். ஆனா விண்டோஸ் 11-லயும் ஒண்ணு கவனிக்கணும், இப்ப புதுசா இன்ஸ்டால் பண்ணி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு உள்ள போனா நிறைய மெஷின்ல டிரைவ் என்கிரிப்ஷன் தானாவே ஆன் ஆயிருது. அதைத் திறக்கற பிட்லாக்கர் ரெக்கவரி கீ, 48 இலக்கம், அதை ஒரு பேப்பர்ல எழுதி பீரோவுல வெச்சிருங்க, இல்லைன்னா உருவின எஸ்எஸ்டியும் வெறும் தகடுதான். மினி வாங்கறவங்க படத்தையெல்லாம் வெளி டிரைவ்ல வெச்சு, கேட்டலாக் பேக்கப்பையும் அங்கயே அனுப்பற மாதிரி செட் பண்ணிட்டா இந்த பயம் பெரும்பாலும் போயிரும்.

விலைன்னு பாத்தா மினி 16 ஜிபி, 256 ஜிபி மாடல் இந்தியாவுல 59,900-க்கு வந்துச்சு, 512 வேணும்னா 20,000 சேர்த்து 79,900. வெறும் 256 ஜிபிக்கு 20,000 ரூபா, அந்தக் காசுக்கு நான் வாங்கினப்ப 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ரெண்டு எடுக்கலாம். அதே நேரம் ஒண்ணு நேர்மையா சொல்லிறேன், 2025 கடைசியில இருந்து ரேம் விலை தாறுமாறா ஏறிருச்சு, புதுசா எல்லா பார்ட்ஸும் வாங்கி அசெம்பிள் பண்றவங்களுக்கு இப்ப டெஸ்க்டாப் மலிவுன்னு என்னால சொல்ல முடியாது. எனக்கு கட்டுப்படியானதுக்குக் காரணம், பழைய ஐ7-ல இருந்த 32 ஜிபி டிடிஆர்4 ரேம் அப்படியே புது பி550 மதர்போர்டுல உக்காந்துச்சு, கூட ரைசன் 7 5700எக்ஸ் ப்ராசசர், கேபினட்டும் ஹார்டு டிஸ்க்கும் பழசே. ப்ராசசர், போர்டு, என்விஎம்இ, எஸ்எம்பிஎஸ், செகண்ட் ஹேண்ட் கார்டு, காசு போனது இதுக்கு மட்டும்தான். உங்ககிட்ட டிடிஆர்4 ரேம் இருக்கற பழைய டெஸ்க்டாப் இருந்தா எதையும் எடைக்குப் போட்டுறாதீங்க.

கையில பழசு எதுவும் இல்லாம முதல் தடவையா வாங்கறவங்க, வாரத்துக்கு நூறு இருநூறு படம் எடுத்து ஆசைக்கு எடிட் பண்றவங்க, கரண்ட் அடிக்கடி போற எஸ்டேட் லைன் வீட்டுல இருக்கறவங்க, இவங்களுக்கு மினியே சரியா இருக்கும், 256 மாடலையே எடுத்து மிச்சக் காசுல ரெண்டு வெளி டிரைவ் வாங்கிக்கங்க. முகூர்த்த தேதி பாத்து அட்வான்ஸ் வாங்கற என் மாதிரி ஆளுக்கு, சர்வீஸ் பண்ற அண்ணன் பக்கத்துல இருக்கற வரைக்கும், அசெம்பிள்டுதான்.