16, 64, 256: மினி 4 ப்ரோவின் என்டி ஃபில்டர் செட், ஒரு வருடம் பறக்கவிட்ட பிறகு

மலேசியாவின் செக்கிஞ்சான் நெல் வயலில் காலை பத்தரை மணி வெயிலில் ட்ரோனில் எடுத்த ஒரு வீடியோதான் என்னை இந்த என்டி ஃபில்டர் பக்கம், அதாவது லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடிப் பக்கம் தள்ளியது. பயிர் இடுப்பளவு நின்றது, கடல் பக்கமிருந்து காற்று, ட்ரோனை மூன்று மீட்டருக்கு இறக்கி வரப்பை ஒட்டியே ஓட்டினேன். வீட்டுக்கு வந்து பெரிய திரையில் போட்டால் பயிர் அலையவே இல்லை, ஒவ்வொரு தாளும் விட்டு விட்டுத் துடிக்கிறது. ட்ரோனில் ஒரு கோளாறும் கிடையாது. ஆட்டோவில் விட்டிருந்தேன், அது வெளிச்சத்தைச் சமாளிக்க ஷட்டரை 1/4000 வினாடி தாண்டிக் கொண்டுபோய்விட்டது. வினாடிக்கு 25 ஃபிரேமில் எடுக்கும்போது ஷட்டர் 1/50 அருகில் இருந்தால்தான் அசைவு கண்ணுக்கு இயல்பாகத் தெரியும்.

என் ட்ரோனான டிஜேஐ மினி 4 ப்ரோவில் அபர்ச்சர், அதாவது லென்ஸின் ஒளித் துளை, எஃப்/1.7தான் (எண் சிறிதானால் துளை பெரிது), அதை மாற்ற முடியாது. இரவில் இது வரம், பகலில் இதுவே தலைவலி. நல்ல வெயிலில் எஃப்/16, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/100 என்ற பழைய ஃபிலிம் காலக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அதே வெயிலுக்கு எஃப்/1.7இல் ஷட்டர் 1/8800 வாக்கில் போகும். அங்கிருந்து 1/50க்கு இறங்க ஏழரை ஸ்டாப் வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது. என்டி 32 ஐந்து ஸ்டாப்தான் குறைக்கும், என்டி 64 ஆறு. இது தெரியாமல் நான் முதலில் வேறொரு தயாரிப்பின் 8, 16, 32 செட்டை வாங்கினேன், எஃப்/2.8 ட்ரோன்களுக்குப் போட்ட அட்டவணை ஒன்றைப் பார்த்து. உச்சி வெயிலில் 32 மாட்டியும் ஷட்டர் 1/250க்குக் கீழே வரவில்லை. போதாததற்கு அந்தக் கண்ணாடி பச்சையில் லேசாக மஞ்சள் ஏற்றிவிட்டது. நெல் வயலை எடுக்கப் போகிறவனுக்கு அதைவிட வேறென்ன நஷ்டம் வேண்டும்?

டிஜேஐ தன் செட்டில் 16, 64, 256 என்று மூன்றை மட்டும் வைத்திருப்பதன் நியாயம் அப்புறம்தான் புரிந்தது. மலேசியா மாதிரி நிலநடுக்கோட்டுப் பக்கத்து ஊரில் பதினொரு மணி முதல் மூன்று மணி வரை 256 வேலை செய்கிறது, சில சமயம் அரை ஸ்டாப் இருட்டாக வரும், ஐஎஸ்ஓவை 160க்கு ஏற்றினால் சரியாகிவிடும். காலை, மாலை வெயிலுக்கு 64. மேகம் மூடிய வானத்துக்கு 16. நிறம் சுத்தமாக இருக்கிறது, ஃபில்டருடன் எடுத்ததையும் இல்லாமல் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், பச்சை பச்சையாகவே இருந்தது. கேமராவை ஆடாமல் தாங்கும் கிம்பலும் ஃபில்டரின் எடைக்கு முரண்டு பிடிக்கவில்லை.

குறை என்று சொன்னால், ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு ஸ்டாப் இடைவெளி. மேகம் வந்து வந்து போகும் நாளில் இது எரிச்சல் தரும். ட்ரோனை இறக்கி, அணைத்து, மாற்றி, மறுபடி ஏற்றுவதற்குள் வெளிச்சம் மாறிவிடும். அந்த மாதிரி நாளில் நான் 64ஐ மாட்டிவிட்டு 50 ஃபிரேமில், 1/100 ஷட்டரில் எடுக்கிறேன், மேகம் வந்தால் ஐஎஸ்ஓவை மட்டும் 200, 400 என்று ஏற்றுவேன். காற்று அடிக்கும் நாளிலும் இதே அமைப்புதான். இந்த ட்ரோன் வினாடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 38 கிலோமீட்டர் காற்றுவரை தாங்கும் என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் தாங்குவது வேறு, படம் நிலையாக வருவது வேறு. 1/50இல் காற்றின் உலுக்கல் படத்தில் கலங்கலாகத் தெரியும்.

சாயங்காலம்தான் எனக்குப் பிடித்த நேரம், கஷ்டமான நேரமும் அதுதான். இங்கே சூரியன் செங்குத்தாக இறங்குவதால் அந்தி நீளாது, அஸ்தமனத்துக்குப் பிறகு இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். 64இல் ஆரம்பித்தால் பாதியில் இறக்க வேண்டிவரும். அதனால் 16ஐ மாட்டியே ஏற்றுங்கள், முதல் பத்து நிமிடம் ஷட்டர் கொஞ்சம் வேகமாக இருந்தாலும் பரவாயில்லை. சூரியனைப் பார்த்து எடுத்தால் டி-லாக் எம் (பிறகு நிறம் திருத்துவதற்காகத் தட்டையாகப் பதிவு செய்யும் முறை) போடுங்கள், திரையில் வெளிச்சப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வொயிட் பேலன்ஸை, அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ப வெள்ளையைச் சரிசெய்யும் அமைப்பை, ஆட்டோவில் விடவே விடாதீர்கள், பொன்னிறத்தை அதுவாகவே திருத்தி வெளுக்க வைத்துவிடும். 5500 கெல்வினில் பூட்டிவிட்டால் அந்த நிறம் அப்படியே நிற்கும்.

கேமரன் மலைக்குப் போனபோது ஃபில்டரே வேண்டியிருக்கவில்லை. என் பாட்டி கொழுந்து பறித்த மலை அது, அதை மேலிருந்து ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று பல வருட ஆசை. விடிகாலையில் பள்ளத்தாக்கில் மூடுபனி உட்கார்ந்திருந்தது, தேயிலைச் சரிவுகள் மட்டும் மேலே தெரிந்தன. வெள்ளையைக் கண்டால் ஆட்டோ எக்ஸ்போஷர் அதைச் சாம்பலாக்கப் பார்க்கும், அதனால் எக்ஸ்போஷரை +0.7 ஸ்டாப் ஏற்றினேன், பனி பனியாகத் தெரிந்தது. டி-லாக் எம்மும் போடவில்லை, ஏற்கெனவே மங்கலாக இருக்கும் காட்சியை இன்னும் தட்டையாக்க வேண்டாமே. பனிக்குள்ளே மட்டும் விடாதீர்கள். தடைகளைப் பார்க்கும் சென்சார்களும் கேமராக்கள்தான், நமக்குத் தெரியாதது அவற்றுக்கும் தெரியாது. இந்த ட்ரோனுக்கு நீர் புகாத பாதுகாப்பும் கிடையாது, மதியத்தில் இடி முழங்க ஆரம்பித்தால் பையில் போட்டு மூடிவிடுவதுதான் ஒரே செட்டிங்.

சுமத்ராவிலிருந்து புகைமூட்டம் வரும் மாதங்களில் பலர் ஏதாவது ஃபில்டர் போட்டால் தெளியுமா என்று கேட்கிறார்கள். தெளியாது. வெளிச்சம் குறைவதால் 64க்குப் பதில் 16 போதும், தூரத்துக் காட்சியை விட்டுவிட்டுத் தாழப் பறந்து பக்கத்தில் இருப்பதை எடுங்கள்.

இரவில் எந்தக் கண்ணாடியும் வேண்டாம், கழற்றிவிடுங்கள். தெரு விளக்குகளுக்கு வொயிட் பேலன்ஸ் 4000 கெல்வின் அருகில், ஷட்டர் 1/50. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 30 ஃபிரேம், 1/60 என்று வைத்தால் விளக்குகள் மினுங்கும். டி-லாக் எம்மில் ஐஎஸ்ஓ 1600க்கு மேல் ஏறாது, நான் 800ஐத் தாண்டுவதில்லை.

யார் வாங்கலாம்? தாழப் பறந்து வயல், ஆறு, வண்டி என்று அசைவைப் படம் பிடிப்பவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். நூறு மீட்டர் உயரத்திலிருந்து மெதுவாக நகரும் காட்சி மட்டும் எடுப்பவருக்கு 1/1000இல் எடுத்தாலும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. போட்டோ மட்டும் எடுப்பவருக்கு இது தேவையே இல்லை, அந்தப் பணத்தில் கூடுதலாக ஒரு பேட்டரி வாங்கிக்கொள்ளுங்கள்.