பிராக்கெட்டுக்கு முழு மார்க், ஓஸுக்கு முட்டை: எஞ்சினில் ஓடும் காற்று கம்ப்ரஸர் கிட்

மணலில் வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், டயரில் காற்றை இறக்குவது ஒரு வேலையே இல்லை, திரும்ப ஏற்றுவதுதான் பாடு. 30 பி.எஸ்.ஐ.யிலிருந்து 15க்கு இறக்கி மணலைத் தாண்டிவிடலாம். தார் ரோட்டைத் தொட்டதும் நான்கு டயருக்கும் காற்று வேண்டும். பேட்டரியில் மாட்டுகிற சின்ன 12 வோல்ட் கம்ப்ரஸர் இரண்டாவது டயரிலேயே தொட முடியாமல் கொதிக்கும். ஆறவிட்டுத்தான் மூன்றாவது. இந்தக் காத்திருப்பு அலுத்துப்போய், எஞ்சின் பெல்ட்டில் ஓடுகிற கம்ப்ரஸர் கிட் ஒன்றை என் பழைய டீசல் வண்டியில் மாட்டினேன். ஏசி இல்லாத வண்டி என்பதால் கம்ப்ரஸர் உட்கார வேண்டிய இடம் காலியாகவே இருந்தது.

கிட்டின் மையம் யார்க் கம்ப்ரஸர். கார் ஏசிக்காகச் செய்யப்பட்ட பழைய இரண்டு பிஸ்டன் சரக்கு. 1970களின் ஜீப், வால்வோ வண்டிகளில் இருந்த அதே வகை. இதைத் தேர்ந்தெடுத்ததற்கே கிட் செய்தவர்களைப் பாராட்டலாம். காரணம் எண்ணெய். பின்னால் வந்த சாண்டன் போன்ற சிறிய கம்ப்ரஸர்களுக்கு ஏசி கேஸோடு சேர்ந்து சுற்றிவருகிற எண்ணெய்தான் உயிர். கேஸுக்குப் பதில் காற்றை இழுக்கவிட்டால் உள்ளே இருக்கிற எண்ணெய் காற்றோடு வெளியே போய்விடும், திரும்பி வராது. தனியாக எண்ணெய் சொட்டவிட ஏற்பாடு செய்யாவிட்டால் சீக்கிரம் ஜாம். யார்க்குக்கு எஞ்சின் மாதிரியே அடியில் சொந்த எண்ணெய்த் தொட்டி உண்டு. அதனால்தான் அது காற்றுக்கும் தாங்குகிறது.

அந்த எண்ணெய் விஷயத்திலேயே ஒரு கூத்து. கையேட்டில் எண்ணெய் பற்றி ஒரு வரிகூட இல்லை. போன் போட்டுக் கேட்டேன். "அதெல்லாம் ஃபுல்லா ஊத்தித்தான் சார் அனுப்புறோம், கவலைப்படாதீங்க" என்றார் எதிர்முனையில் ஒருவர். பக்கத்துத் திருகைக் கழற்றி ஒரு கம்பியை விட்டுப் பார்த்தால் நுனி மட்டும் லேசாக ஈரம். சுமார் 300 மில்லி பிடிக்கிற இடம் அது. யார் என்ன சொன்னாலும் கம்பியை விட்டுப் பார்த்துவிட்டு ஓடவிடுங்கள்.

பிராக்கெட் பிரமாதம். கனமான இரும்புத் தகடு, துளைகள் எல்லாம் சரியாக உட்கார்ந்தன. இரண்டு புல்லிகளின் மேலும் நேர்க்கட்டை வைத்துப் பார்த்தேன், இம்மி பிசகவில்லை. இந்த நேர் தவறினால் பெல்ட் கத்தும், ஓரம் பிய்யும், ஒருநாள் கழன்று விழும். யார்க் ரொம்பவே அதிர்கிற ஆசாமி என்பதால் மெல்லிய பிராக்கெட் கிட்டுகள் பக்கமே போகாதீர்கள். கொஞ்சம் ஓட்டியதும் போல்ட்டுகளை ஒரு முறை இறுக்கிவிடுவது நல்லது.

குறை முழுக்க, காற்று கம்ப்ரஸரை விட்டு வெளியே வந்த பிறகுதான். அழுத்தப்பட்ட காற்று சூடாகும்; தலைப்பக்கத்தில் 100 டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். அங்கேயே கிட்டில் சாதாரண ரப்பர் ஓஸைக் கொடுத்திருக்கிறார்கள்! முதலில் வாடை வந்தது, பிறகு கிளாம்ப் ஓரத்தில் விறைத்து வெடிப்பு விட்டது. அதை அடுத்திருந்த, காற்றை ஒரு பக்கம் மட்டும் போகவிடுகிற செக் வால்வின் உள்ளே இருந்த ரப்பரும் உருகி, காற்றைச் சேர்த்துவைக்கிற டேங்கிலிருந்து அது கம்ப்ரஸருக்கே திரும்ப ஆரம்பித்தது. அந்த அழுத்தத்தை எதிர்த்து, கம்ப்ரஸரைப் பெல்ட் புல்லியோடு சேர்க்கிற கிளட்ச் பிடிக்கும்போது பெல்ட் போட்ட சத்தத்தில் தெருநாய்கள் பதில் குரல் கொடுத்தன. இப்போது உள்ளே டெஃப்லான், வெளியே ஸ்டீல் பின்னல் போட்ட ஓஸும், முழு உலோகச் செக் வால்வும் இருக்கின்றன. பிறகு ஒரு தொல்லையும் இல்லை.

எண்ணெய் பிரிக்கும் ஃபில்டரும் கிட்டில் கிடையாது. யார்க் கொஞ்சம் எண்ணெயைக் காற்றோடு துப்பும், அது பிறவிக்குணம். ஃபில்டர் வாங்கினால் கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டாதீர்கள். சூடான எண்ணெய் ஆவியாகவே அதைக் கடந்துபோய்விடும். நடுவில் ஒரு நீளம் உலோகக் குழாய் விட்டு, காற்று ஆறிய பிறகு மாட்டினால்தான் பிடிக்கும். டேங்கில் தேங்குகிற தண்ணீரை வடிக்கிற டிரெயின் காக்கைப் பக்கவாட்டில் வைத்திருக்கிறார்கள். தண்ணீர் அடியில்தானே தேங்கும்? இதை யோசித்தவரை நேரில் பார்க்க ஆசை.

வயரிங்கில் குறையில்லை. 90 பி.எஸ்.ஐ.யில் கிளட்ச் பிடித்து 120இல் விடுகிற பிரஷர் சுவிட்ச், 150இல் திறக்கிற சேஃப்டி வால்வு, கிளட்ச்சுக்கு ரிலே எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. காற்று இழுக்கிற வாயை மட்டும் கீழே தொங்கவிடாமல், எஞ்சின் ஏர் ஃபில்டருக்கு உட்புறச் சுத்தமான பக்கத்திலிருந்து எடுத்தேன். ஓடையில் இறங்குகிற வண்டி.

வேகம் எப்படி? பெட்டியில் "நான்கு டயர், ஒரு நிமிடம்" என்று அச்சடித்திருக்கிறது. கணக்கு பொய்யில்லை. கம்ப்ரஸர் இழுக்கிற காற்று ஒரு சுற்றுக்குச் சுமார் 164 சி.சி.; 1500 சுற்றில் நிமிடத்துக்குச் சுமார் 245 லிட்டர். 15 பி.எஸ்.ஐ. ஏற்ற, ஏறக்குறைய டயரின் கொள்ளளவுக்குச் சமமான காற்று போதும். 31 அங்குல டயருக்கு 60 லிட்டர் என்று வைத்தால் நான்குக்கும் 240. ஆனால் அழுத்தம் ஏற ஏறக் கம்ப்ரஸர் தள்ளுவது குறையும். அதைவிட, டயர் வால்வுக்குள் இருக்கிற ஊசிதான் பெரிய தடை. குனிந்து நிமிர்ந்து ஓஸ் மாற்றுகிற நேரத்தையும் சேர்த்தால் அந்த ஒரு நிமிடத்தை மறந்துவிடலாம். ஐடிலில் விட்டால் சோம்பல்தான், கை ஆக்சிலேட்டரை இழுத்து 1500இல் வைக்க வேண்டும். அப்படியும் பழைய கம்ப்ரஸர் ஒரு டயரை முடிப்பதற்குள் இது நான்கையும் முடித்துவிடுகிறது.

எனக்கு இதன் அருமை தெரிந்தது வேறு இடத்தில். குறைந்த காற்றில் மணலில் திரும்பும்போது ட்யூப்லெஸ் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். அப்போது சின்ன கம்ப்ரஸரின் காற்று உள்ளே போகப் போக ஓரத்தில் கசிந்துகொண்டே இருக்கும், டயர் உட்காராது. இதில் டேங்கை நிரப்பி, வண்டியை ஜாக்கியில் தூக்கி, வால்வு ஊசியைக் கழற்றிவிட்டு மொத்தக் காற்றையும் ஒரே மூச்சில் விட்டேன். டப் டப் என்று இரண்டு ஓரமும் ரிம்மில் ஏறி உட்கார்ந்தன. கைவிரல் மட்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

எப்போதாவது பஞ்சர் ஆகிறவருக்கு இது தேவையில்லை. தண்ணீர் பம்ப், ஆல்டர்னேட்டர் எல்லாவற்றையும் ஒரே நீளப் பெல்ட் சுற்றுகிற புது வண்டி என்றாலும் இரண்டு முறை யோசியுங்கள், அந்தப் பெல்ட் போனால் வண்டியே நின்றுவிடும். என் வண்டியில் யார்க்குக்குத் தனி பெல்ட். அறுந்தாலும் வீடு வந்து சேரலாம்.

ஓஸ், ஃபில்டர், டிரெயின் காக் மூன்றையும் பற்றிக் கிட் செய்தவர்களுக்கு எழுதினேன். இனி வருகிற கிட்டில் பின்னல் ஓஸ் கொடுக்கிறார்களாம். ஃபில்டர் தனி விலை. டிரெயின் காக்கைப் பற்றிப் பதிலே இல்லை.