ஹானா 3ஏ செல்கள்: மோப்ப ஏற்பி ஆய்வுக்கு எப்படி?

மணத்தை உணரும் புரதங்களான மோப்ப ஏற்பிகளைச் சாதாரண எச்.இ.கே. 293டி செல்லில் (ஆய்வகங்களில் வளர்க்கும் மனிதச் சிறுநீரகச் செல்வகை) போட்டால் பெரும்பாலானவை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். செல் சவ்வுக்கு வந்து சேராது. 2004இல் அறிமுகமான ஹானா 3ஏ, இந்தக் குறையைத் தீர்க்கவே அதே செல்லிலிருந்து உருவான செல்வகை. ஏற்பியைச் சவ்வுக்குக் கொண்டுசேர்க்க உதவும் ஆர்டிபி1, ஆர்டிபி2, ரீப்1, சிக்னலைக் கடத்தும் ஜி-ஆல்ஃபா-ஓல்ஃப் ஆகிய நான்கு புரதங்களும் இதில் நிலையாக உண்டு. ஆனாலும் ஆர்டிபி1எஸ் (ஆர்டிபி1இன் குறு வடிவம்) மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிடையும் (வட்ட டி.என்.ஏ.) கூடவே செலுத்துங்கள். ஏற்பியின் தொடக்கத்தில், கண்ணின் ஒளி ஏற்பியான ரொடாப்சினின் முதல் 20 அமினோ அமிலங்களை ஒட்டுங்கள். இவற்றை விட்டால் பல ஏற்பிகளில் சிக்னல் தேறாது.

ஏற்பியின் சிக்னலை ஒளியாக அளக்கும் லூசிஃபெரேஸ் சோதனைக்கு 96 குழித் தட்டில், செல்களை ஒட்டவைக்கும் பாலி-டி-லைசின் பூச்சு அவசியம். செல்களின் பிடிப்பு அவ்வளவு பலவீனம்! ஊடகம் மாற்றும்போது நடுவில் பீய்ச்சினால் வட்டமாக உரிந்துவிடும். சுவரோரம் மெல்ல விடுங்கள். டிரான்ஸ்ஃபெக்ஷனுக்குச் (செல்லுக்குள் மரபணுவைச் செலுத்துதல்) சுமார் 24 மணி நேரம் கழித்து மணப்பொருள், அதன்பின் 4 மணி நேரக் காத்திருப்பு.

பெரிய தொல்லை ஆவிதான். செறிவான மணப்பொருள் பக்கத்துக் குழிக்குப் பரவி, எதுவும் இடாத குழியிலும் ஒளி ஏறும். கட்டுப்பாட்டுக் குழிகளைத் தள்ளியே வையுங்கள். ஏற்பி மரபணு இல்லாத காலி வெக்டர் குழியையும், ஏற்பி இல்லாமலே சிக்னலைத் தூண்டும் ஃபோர்ஸ்கோலின் குழியையும் பார்க்காமல் எந்த எண்ணையும் நம்ப வேண்டாம்.

இவ்வளவு செய்தும் வாய் திறக்காத ஏற்பிகள் நிறைய. இருந்தாலும் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதையே தயங்காமல் பரிந்துரைக்கலாம்.