வலமா, இடமா: பிக் பெண்டில் 48 கிலோமீட்டர்

மலையைச் சுற்றுவதென்றால் வலமாகத்தான் என்று பழகியவர்கள் நாம். டெக்சாஸின் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் சிசோஸ் மலையைச் சுற்றிவரும் அவுட்டர் மவுன்டன் லூப் பாதையை வலமாகவும் நடக்கலாம், இடமாகவும் நடக்கலாம். ஹூஸ்டனிலிருந்து பத்து மணி நேரம் காரோட்டிப் போய்ச் சேர்ந்தபிறகு எந்தப் பக்கம் திரும்புவது என்பது சின்ன விஷயமாகத் தெரியும். அப்படியில்லை. எனக்கு இடமாகப் போவதுதான் சரியென்று படுகிறது, காரணம் தண்ணீர்.

மொத்தம் 48 கி.மீ., சாதாரணமாக மூன்று நாள். இதில் நம்பக்கூடிய தண்ணீர் இரண்டே இடத்தில். ஒன்று, புறப்படும் சிசோஸ் பேசின், மலைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தாக்கு. மற்றொன்று, மேற்கே பழைய ஹோமர் வில்சன் பண்ணை வீடு. அங்கேயுள்ள இரும்புப் பெட்டியில் நாமே முன்கூட்டிக் காரில் கொண்டுபோய், பெயரும் தேதியும் எழுதி வைத்துவிட்டு வந்த கேன்கள்தான் அந்தத் தண்ணீர். பெட்டி கரடிக்குப் பயந்து. வழியில் ஊற்றுகளும் ஓடைகளும் வரைபடத்தில் உண்டு. மழை பொய்த்தால் வரைபடத்தில் மட்டும்தான் உண்டு.

இந்த இரண்டு இடங்களும் சுற்றைச் சரிபாதியாகப் பிரித்திருந்தால் பிரச்சினையே இல்லை. ஒரு பக்கம் ஏறக்குறைய 15 கி.மீ., மறுபக்கம் 33 கி.மீ. அந்த 33-ஐ முதலில் நடப்பதா, கடைசியில் நடப்பதா? வலமா இடமா என்பதெல்லாம் இதுதான்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதாவது கிட்டத்தட்ட நான்கு லிட்டர் என்பது பூங்காக்காரர்கள் சொல்லும் கணக்கு. நீண்ட பக்கத்துக்கு இரண்டு நாளாவது ஆகும். எட்டு கிலோ. அரைக்குடம் தண்ணீரை முதுகில் கட்டிக்கொண்டு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வலமாகப் போனால் நீண்ட பக்கம்தான் முதலில், அந்த எட்டு கிலோவோடு முதல் காலையிலேயே பினக்கிள்ஸ் ஏற்றம். ஆனால் அங்கே மரநிழல் உண்டு, முதல் இரவு பூட் கேன்யன் பக்கம் குளிர்ச்சியாகக் கழியும். ஜூனிப்பர் கேன்யன் வழியாக இறங்கி, தெற்கே வெட்டவெளியான டாட்சன் பாதைக்கு வரும்போது பாதித் தண்ணீர் தீர்ந்து பை இலேசாகியிருக்கும். தோளுக்கு இது நல்லது, ஒப்புக்கொள்கிறேன். டாட்சனில் ஒதுங்க நிழல் கிடையாது. ஏறினால் இறங்கவேண்டும், இறங்கினால் ஏறவேண்டும். வழி நெடுக லெச்சுகியா, நம்மூர் ரயில் கற்றாழையின் குட்டித் தம்பி. ஈட்டி மாதிரி முனை சரியாகக் கெண்டைக்கால் உயரத்தில் நிற்கும். கணக்கு தப்பிப்போனால் தண்ணீர் தீர்வதும் இங்கேதான். பின்னால் மலை, முன்னால் பல கிலோமீட்டர் தள்ளிப் பெட்டி.

இடமாகப் போனால் லகூனா மெடோ வழியாகச் சின்னச் சுமையோடு ஏறி, புளூ க்ரீக்கில் இறங்கி, முதல் நாளே பண்ணை வீட்டுக்கு வந்துவிடலாம். பக்கத்திலேயே தார்ச்சாலை, கார்கள். இதுதான் எனக்குப் பெரிய காரணம். முழங்கால் வலிக்கிறதா, செருப்புக்கடி மாதிரி புது ஷூ கடிக்கிறதா, வெயில் எதிர்பார்த்ததைவிட அதிகமா, எல்லாம் அந்த 15 கி.மீ.யில் தெரிந்துவிடும். முடியாதென்றால் சாலையோரம் போய் நின்றுவிடலாம். வலமாகப் போகிறவருக்கு அந்தச் சாலை கஷ்டமெல்லாம் முடிந்தபிறகுதான் வருகிறது, அப்போது எதற்கு?

விலையும் உண்டு. டாட்சனை முழு எட்டு கிலோவோடு நடக்கவேண்டும், கடைசியில் ஜூனிப்பர் கேன்யனின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறவேண்டும். ஏறுகிற ஒவ்வொரு வளைவுக்கும் காற்று குளிரும், பேசினும் நெருங்கும் என்பது ஆறுதல்.

டிசம்பர், ஜனவரியில் போகிறவர், பாலைவன நடையில் அனுபவப்பட்டவர் என்றால் வலமாகவே போகட்டும், இலேசான பை அவருக்கு லாபம். மே, ஜூன் என்றால் எந்தப் பக்கமும் வேண்டாம். எங்கும் தண்ணீர் வைக்காமல் மூன்று நாளுக்கும் பன்னிரண்டு லிட்டரைச் சுமந்தே போகிறேன் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு எனக்கு வாதமில்லை.

எந்தப் பக்கம் போனாலும் முகாமுக்கான அனுமதிச் சீட்டு வாங்கவேண்டும். அப்புறம், காலி கேன்களைப் பெட்டியிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்.