எங்கள் மாவட்டச் செஸ் சங்கத்தின் புதிய இணையதளம்: இரண்டு வருடம் புழங்கிய பிறகு

நீச்சல் சங்கத்தில் பொருளாளராக இருக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். "உங்க செஸ் சங்கத்து வெப்சைட்டை மாத்தினாங்களே, எப்படி இருக்கு? நாங்களும் மாத்தலாம்னு இருக்கோம்." எனக்கு ஒரு வரியில் பதில் வரவில்லை. அதே வாரத்தில்தான் சங்கத்தினர் தளத்தை மறுபடியும் சரிசெய்திருந்தார்கள், நான் கொதிப்பில் இருந்தேன். அதனால் இரண்டு வருடக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். எந்த மாவட்டம் என்பது வேண்டாம். அங்கே இருப்பவர்கள் எல்லாரும் சம்பளம் வாங்காமல் உழைப்பவர்கள், நாளைக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் முகத்தில்தான் முழிக்க வேண்டும்.

பழைய தளத்தை யாரும் அழகு என்று சொல்ல மாட்டார்கள். மஞ்சள் பின்னணி, மேலே ஓடும் சிவப்பு எழுத்து, வரிக்கு வரி கண் சிமிட்டும் 'நியூ'. மூன்று வருடம் முன்பு முடிந்த போட்டிக்குப் பக்கத்திலும் அந்த 'நியூ' சிமிட்டிக்கொண்டிருக்கும். ஆனால் எல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தது. கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போனால் வேண்டியது வந்துவிடும். 2022-இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. அதன் சின்னமான, வேட்டி கட்டிய 'தம்பி' குதிரையைப் பார்த்த பிள்ளைகள் எல்லாம் எங்கள் ஊர் வகுப்புகளில் வந்து சேர, போட்டிகளும் கூடின, அந்தப் பக்கம் அனுமார் வால் ஆனது. மாற்றத்தான் வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

புதிய தளம் வந்தபோது முகப்பு கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. ஐந்து பெரிய படங்கள் மாறி மாறி ஓடும். அதில் நான்கில் யாராவது யாருக்காவது பொன்னாடை போர்த்திக்கொண்டிருப்பார்கள், ஒன்றில் மட்டும் சதுரங்கப் பலகை. சரி, அது கிடக்கட்டும். படம் பார்க்க யாரும் அங்கே போவதில்லை.

நான் போவது மூன்று கேள்விகளுக்காக: போட்டி என்றைக்கு, எங்கே, எப்போதைக்குள் பணம் கட்ட வேண்டும். இந்த மூன்றும் மூன்று வீட்டில் குடியிருந்தன. தேதி 'நிகழ்வுகள்' என்ற மெனுவில். ப்ராஸ்பெக்டஸ், அதாவது போட்டியின் இடம், கட்டணம், விதி எல்லாம் இருக்கும் அறிவிப்பு, 'வளங்கள்' என்ற மெனுவில், அதுவும் பேப்பரை ஸ்கேன் செய்து போட்ட பிடிஎஃப், போனில் எழுத்தைப் பெரிதாக்கினால் மங்கிவிடும். தேதியோ இடமோ மாறினால் அது 'செய்திகள்' என்ற மெனுவில். இந்த மெனுக்கள் எல்லாம் போனில் மூன்று கோட்டுக்குள் மடங்கிக் கிடக்கும். முதல் ஆறு மாதம் அந்தக் கோடுகளைத் தொட வேண்டும் என்பதே தெரியாத பாட்டிகளை எனக்குத் தெரியும். பேத்திகளைப் போட்டிக்குக் கூட்டிவருவது பாதி நாள் அவர்கள்தான்.

ஏன் இப்படி என்று ரொம்ப நாள் புரியவில்லை. அப்புறம் ஒரு போட்டியில் ஆர்பிட்டரோடு, அதாவது நடுவரோடு, டீ குடிக்கும்போதுதான் விளங்கியது. நாட்காட்டியைப் போடுவது ஒருவர், ப்ராஸ்பெக்டஸை ஏற்றுவது இன்னொருவர், செய்தி எழுதுவது செயலாளர். ஆளுக்கு ஒரு மெனு பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதை அந்த மெனு ஒழுங்காகச் சொன்னது. வெளியிலிருந்து வருகிறவன் எதைத் தேடி வருகிறான் என்று யாரும் கேட்கவில்லை. பத்துப் பெற்றோரைக் கூப்பிட்டு, கையில் போனைக் கொடுத்து, 'ஞாயிற்றுக்கிழமைப் போட்டி எங்கே நடக்கிறது, கண்டுபிடியுங்கள்' என்று சொல்லிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தால் போதும், ஒரு மத்தியானத்தில் தெரிந்திருக்கும்.

அதன் விலையை நான் கொடுத்தேன். ஒரு ஞாயிறு, ப்ராஸ்பெக்டஸில் இருந்த பள்ளிக்குக் காலை எட்டரைக்கே போய் நின்றோம். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன், "போட்டியா? இங்க எதுவும் இல்லையே சார்" என்றார். இடமாற்றம் முந்தைய நாள் மாலை 'செய்திகள்' பகுதியில் வந்திருக்கிறது, பிடிஎஃப் பழையபடியே இருந்தது. ஊரின் மறுகோடிக்கு ஆட்டோ பிடித்துப் போனபோது முதல் ரவுண்டு தொடங்கி 22 நிமிடம் ஆகியிருந்தது. அந்தப் போட்டியில் டிஃபால்ட் டைம், அதாவது தாமதமாக வந்தால் தோற்றதாக எழுதும் கெடு, 30 நிமிடம், அதனால் ஆட்டம் கைவிட்டுப் போகவில்லை. கடிகாரத்தில் மட்டும் 22 நிமிடம் போயிருந்தது. மகள் டிரா செய்தாள். வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை.

நியாயத்துக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். அந்தத் தளத்தில் ஒரே ஒரு கட்டம் இருக்கிறது, பிறந்த வருடத்தைப் போடுவதற்கு. அதைச் செய்தவருக்கு என் கையால் ஒரு பொன்னாடை போர்த்தத் தயார். செஸ்ஸில் வயதுப் பிரிவு எல்லாருக்கும் குழப்பம். ஜனவரி 1-ஐ வைத்துத்தான் கணக்கு. 2025-இல் 11 வயதுக்குட்பட்ட பிரிவு என்றால் 2014 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருக்க வேண்டும். 2014 பிப்ரவரியில் பிறந்த பிள்ளைக்கு பிப்ரவரியிலேயே பதினொன்று முடிந்துவிடும், ஆனாலும் வருடம் முழுக்க அதே பிரிவில் ஆடலாம். இதை நான் வாட்ஸ்அப் குழுவில் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்று கணக்கே இல்லை. இப்போது வருடத்தைப் போட்டால் பிள்ளை ஆடக்கூடிய போட்டிகள் மட்டும் வரிசையாக வருகின்றன, பணம் கட்டக் கடைசி நாளோடு. இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அது தப்பாகக் காட்டியதில்லை.

அதற்குப் பக்கத்திலேயே ரேட்டிங் கட்டம், ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண்ணை வைத்துப் போட்டி தேடுவதற்கு. அதில் '1000 முதல் 1399 வரை' என்று ஒரு பிரிவு இன்னும் இருக்கிறது. 2024 மார்ச் முதல், உலகச் செஸ் கூட்டமைப்பான ஃபிடே தரும் ரேட்டிங்கின் குறைந்தபட்சமே 1400 என்று ஆகிவிட்டது. அந்தப் பிரிவில் இப்போது ஆளே கிடையாது. தொட்டால் வெள்ளைப் பக்கம். யாரிடம் சொல்வது என்று தளத்தில் தேடினேன், அதற்கும் மெனு கிடைக்கவில்லை.

போட்டி நடக்கும்போது முடிவு பார்க்க நாங்கள் எல்லாரும் போவது செஸ் ரிசல்ட்ஸ் தளத்துக்கு. அதை நடத்துவது ஆஸ்திரியாவின் ஹைன்ஸ் ஹெர்ட்சோக், போட்டிகளில் ஜோடி போட உதவும் ஸ்விஸ் மேனேஜர் மென்பொருளை எழுதியவர். அதைப் பார்த்தால் யாரும் வடிவமைப்புக்குப் பரிசு தரமாட்டார்கள், கட்டம் கட்டமாகக் கணக்குநோட்டு மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு எண், அந்த எண்ணுக்குள் பேரிங் (யாரோடு யார் ஆட்டம்), புள்ளி, ஸ்டாண்டிங் (யார் எத்தனையாவது) எல்லாம். முகவரியின் கடைசியில் ரவுண்டு எண் இருக்கும். அதில் 3-ஐ அழித்து 4 போட்டால் நான்காவது ரவுண்டு வந்துவிடும். ஹாலுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் எல்லாருக்கும் இந்த வித்தை தெரியும். பழைய போட்டி வேண்டுமா, 'விவரங்களைக் காட்டு' என்று ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். என்றைக்கோ சேமித்த லிங்க் இன்றைக்கும் திறக்கிறது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. போன வாரம் எங்கள் சங்கம் செய்த சீரமைப்பு உண்மையில் நல்லது. ஒரு போட்டிக்கு ஒரு பக்கம், தேதி, இடம், வரைபடம், ப்ராஸ்பெக்டஸ், பணம், மாற்றம் எல்லாம் அதற்குள். இடம் மாறினால் தலைப்புக்குக் கீழேயே சிவப்பில் தெரிகிறது. நான் இரண்டு வருடமாகக் கேட்டது இதைத்தான். ஆனால் அதைச் செய்தபோது எல்லா முகவரிகளையும் மாற்றிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் பின் செய்து வைத்திருந்த மாநிலத் தேர்வுப் போட்டி லிங்க், மகள் பள்ளியில் கொடுத்திருந்த சான்றிதழ் லிங்க், எல்லாவற்றையும் தொட்டால் 'நீங்கள் தேடிய பக்கம் இல்லை'. மஞ்சள் தளத்திலிருந்து மாறியபோதும் இதையேதான் செய்தார்கள். பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்குத் தானாகத் திருப்பிவிட 301 என்று ஒரு ஏற்பாடு உண்டு, தளம் செய்கிறவர்களுக்கு அது அரிச்சுவடி. வீடு மாறுகிறவன் தபால்காரரிடம் புது விலாசம் சொல்லிவிட்டுப் போவதில்லையா? அதுவும் பணம் கட்டக் கடைசி நாளுக்கு நான்கு நாள் இருக்கும்போது!

அந்த மூடில்தான் நீச்சல் நண்பருக்குத் திருப்பிப் போன் அடித்தேன். "மாத்தாதீங்க. மஞ்சளா இருந்தாலும் பரவாயில்ல, அப்படியே விடுங்க. ஐந்துக்கு இரண்டு ஸ்டார்தான் குடுப்பேன்." அவர், "அவ்வளவு மோசமா?" என்றார். ஆமாம் என்றேன். பேசிக்கொண்டே லேப்டாப்பில் அந்தப் பிறந்த வருடக் கட்டத்தில் 2014 என்று போட்டு, வந்த வரிசையில் இரண்டாவதைத் திறந்து, மகளின் ஃபிடே ஐடி எண்ணை நிரப்பி, பணமும் கட்டி முடித்திருந்தேன். அவர் போனை வைப்பதற்குள் ரசீது மெயிலில் வந்துவிட்டது.